கூலி இல்லாத வேலை, வாடகை இல்லாத அறை: பினாங்கிலிருந்து நியூசிலாந்து போகிறவர்களுக்கு

"சம்பளம் இல்லாமல் வெள்ளைக்காரன் தோட்டத்தில் வேலை செய்யவா அவ்வளவு தூரம் போகிறாய்?" நியூசிலாந்துப் பண்ணை வீட்டில் தங்கி, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஈடாக வேலை செய்யப் போகிறேன் என்று பட்டர்வொர்த்திலோ பிறையிலோ ஒரு தமிழ் வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான். பெரியவர்கள் சும்மா கேட்கவில்லை. வேலை கொடுத்தவரே வீடும் கொடுத்தால் என்ன ஆகும் என்று ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வேலை போன அன்றே வீடும் போய்விடும். நியூசிலாந்துப் பண்ணை வீட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே வித்தியாசம், பிடிக்கவில்லை என்றால் நீங்கள் மறுநாள் பஸ் ஏறிவிடலாம். அப்படி ஏறக்கூடிய நிலையில் கடைசி நாள் வரை இருப்பதற்குத்தான் இத்தனை தயாரிப்பும்.

ஏற்பாடு எளிமையானது. நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் வேலை, பதிலுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் படுக்கையும். 1971ல் இங்கிலாந்தில் லண்டனில் அலுவலகச் செயலாளராக இருந்த சூ காப்பர்ட் என்ற பெண், நகரத்து ஆட்களை வார இறுதியில் இயற்கை விவசாயப் பண்ணைக்கு அழைத்துப் போனார். அதுதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் 'வூஃப்' (WWOOF) அமைப்பு. இப்படி வீடு தேட உதவும் வொர்க்அவே போன்ற இணையதளங்களில் பண்ணை மட்டுமில்லாமல் சாதாரணக் குடும்பங்களும் பதிவு செய்திருப்பார்கள். குழந்தை பார்ப்பது, வேலிக்குச் சாயம் பூசுவது, கோழிக்கூண்டு கழுவுவது என்று வேலை எதுவாகவும் இருக்கும்.

அதிகம் பேர் கால் தடுக்குவது விசாவில். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் நியூசிலாந்துக்குச் சுற்றிப்பார்க்க விசா தேவையில்லை, முன்கூட்டியே வாங்கும் மின்பயண அனுமதி போதும். ஆனால் அந்த அனுமதியில் போய்ச் சாப்பாட்டுக்காக வேலை செய்ய முடியாது. அந்நாட்டின் 2009ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தில், ஏதாவது ஆதாயத்துக்காகவோ கைம்மாறுக்காகவோ செய்வது எல்லாமே வேலைதான். அறையும் சோறும் கைம்மாறுக் கணக்கில் வரும். "வாலண்டியர் பண்ண வந்திருக்கிறேன், காசு வாங்கவில்லை" என்று ஆக்லாந்து விமான நிலையத்தில் வெள்ளந்தியாகச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடக்கூடும். பொய் சொல்லி உள்ளே போவது அதைவிட மோசம், அடுத்த விசாவிலும் அந்தக் கறை தெரியும். நேர்வழி வொர்க்கிங் ஹாலிடே விசா. மலேசியர்களுக்கு வயது 18 முதல் 30 வரை, தங்குவது 6 மாதம், தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 350 நியூசிலாந்து டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். இந்த விசாவில் சம்பள வேலையும் பார்க்கலாம் என்பதால் பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்கும். குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 23.50 டாலர் ஆனது. ஐந்து மணி நேரம் என்றால் 117.50. உங்கள் அறையும் சாப்பாடும் ஈடாகுமா என்று, நீங்கள் போகும்போது இருக்கும் கூலியை வைத்து இப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். விற்பனைக்குப் பழம் பறித்துப் பெட்டியில் அடைக்கும் வேலை என்றால் சோற்றுக்குச் செய்யாதீர்கள், சம்பளம் கேளுங்கள். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை கிவிப்பழ அறுவடைக் காலம். டெ புகே என்ற ஊர்ப் பக்கம் கூலி கொடுத்தே ஆள் எடுப்பார்கள்.

ஆஸ்திரேலியா போய் இரண்டாவது ஆண்டு விசாவுக்குத் தேவையான பண்ணை வேலை நாள்களைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் 1க்குப் பிறகு சம்பளமில்லாத பண்ணை வேலை அந்தக் கணக்கில் சேராது.

வீட்டுக்காரர்களுக்கு அனுப்பும் முதல் செய்தி நாலைந்து வரி இருந்தால் போதும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை தெரியும், என்ன தெரியாது, என்ன சாப்பிட மாட்டீர்கள். மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை, வெள்ளிக்கிழமை சைவம் என்பதையெல்லாம் அங்கே போய் மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமைத்தவருக்குச் சங்கடம். இப்போதே எழுதிவிட்டால் பெரும்பாலானோர் சரி என்பார்கள். முதலில் இரண்டு வாரம் மட்டும் கேளுங்கள். பிடித்தால் நீட்டிக்கலாம். இரண்டு மாதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாம் நாள் கிளம்புவது இரு பக்கமும் கசப்பு.

பதில் வந்தால் வீடியோவில் பேசாமல் டிக்கெட் போடாதீர்கள். அங்கே நேரம் நமக்கு 4 மணி முன்னால், அவர்களுடைய கோடையில் 5 மணி. பினாங்கில் பிற்பகல் 3 மணிக்குக் கூப்பிட்டால் அவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்து ஓய்வாக இருப்பார்கள். அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, வீட்டில் வேறு யார் யார், வாரத்தில் எந்த நாள் விடுமுறை, பஸ் நிற்கும் ஊர் எத்தனை கிலோமீட்டர், வீட்டில் கைப்பேசிக்கு லைன் கிடைக்குமா. இந்த ஐந்துக்கும் மழுப்பாத பதில் வர வேண்டும். தனியாகப் போகும் பெண்கள், அதே வீட்டில் தனியாகத் தங்கிய வேறு பெண்களின் கருத்துகள் தளத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, அவர்களில் ஒருவருக்காவது நேரே எழுதிக் கேளுங்கள். கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்கிற வீடு உங்களுக்குத் தேவையில்லை.

பெட்டி கட்டும்போது அம்மா கறிவேப்பிலைக் கொத்தை உள்ளே செருகப் பார்ப்பார். வேண்டாம் என்று எடுத்துவிடுங்கள். பச்சை இலை, பழம், தேன் எதுவும் கூடாது. நெத்திலி, மசாலாத்தூள் எல்லாவற்றையும் கடையில் அடைத்த பொட்டலமாகவே வைத்து, நுழைவு அறிவிப்பில் 'உணவு இருக்கிறது' என்று குறித்துவிடுங்கள். குறித்தால் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். குறிக்காமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். காலணியின் அடியில் ஒட்டிய மண்ணுக்கும் இதே சட்டம், பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் இடப்பக்கம்தான் காடி ஓட்டுவார்கள்.

வீட்டுக்குள் போன பிறகு வரும் முதல் உரசல் பெரும்பாலும் குளியலில்தான். நமக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று. அங்கே கிராமத்து வீடுகள் பலவற்றில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கூரையில் விழும் மழை தொட்டியில் சேரும், குடிக்கவும் குளிக்கவும் அதுதான். தொட்டி வற்றினால் லாரியில் காசு கொடுத்து வாங்க வேண்டும். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், மனதுக்குள் கணக்குப் போடுவார்கள். நாளுக்கு ஒரு குளியல், ஐந்து நிமிடம். சோப்புப் போடும்போது தண்ணீரை மூடுங்கள்.

அடுத்தது குளிர். ஜூன், ஜூலையில் வீட்டுக்குள்ளேயே நம் ஊர் ஐஸ்பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். கூடத்தில் ஓர் இரும்பு விறகடுப்பு, அதை மூட்டுவது விருந்தாளி வேலையாகத்தான் வந்து சேரும். மூட்டத் தெரிந்தால் மதிப்பே தனி. காற்றுத் திருகை முழுக்கத் திறங்கள். பழைய சாம்பலை ஒரு விரல் கனம் விட்டுவையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி வைத்து, அதன் மேல் விரல் தடிமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பற்றவைத்து, கதவை ஒரு விரற்கடை திறந்தே விடுங்கள். சுள்ளி சிவந்து எரிந்த பிறகுதான் மெல்லிய விறகு, அது பிடித்த பிறகு கட்டை. கட்டை நன்றாக எரிய ஆரம்பித்த பிறகுதான் கதவைச் சாத்தித் திருகைக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டுக் குறைத்தால் கண்ணாடி கறுத்து வீடெல்லாம் புகை. ஈர விறகிலும் அப்படித்தான். பச்சை படிந்த பழைய வேலிக்கட்டையைச் சும்மா கிடக்கிறதே என்று எரித்துவிடாதீர்கள், பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் ஏற்றிய மரம் அது. சாம்பலை இரும்பு வாளியில் மட்டும் அள்ளுங்கள். மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு சில நாள் வரைகூட இருக்கலாம், பிளாஸ்டிக் வாளியில் கொட்டினால் தீ விபத்து.

வெளி வேலையில் ஒரே ஒரு விதியை மறக்காதீர்கள்: கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும். திறந்திருந்ததை மூடினாலும் தப்பு, ஆடுகளுக்குத் தண்ணீருக்குப் போகும் வழி அதுவாக இருக்கலாம். மின்வேலியைப் பிளாஸ்டிக் கைப்பிடியில் மட்டும் தொடுங்கள்.

மணிக்கணக்கை ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதுங்கள். சண்டைக்காக இல்லை. நம் பிள்ளைகள் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து எட்டு மணி நேரம் செய்துவிட்டுத்தான் கோபப்படுவார்கள். சமையலில் இது அதிகம் நடக்கும். முதல் வாரம் நீங்கள் வைக்கும் கோழிக்கறி வீட்டையே மயக்கிவிடும். மூன்றாம் வாரம் தினமும் மாலை 4 மணிக்கு அடுப்படியில் நிற்பீர்கள், காலை வேலை அப்படியே இருக்கும். வாரத்தில் ஒரு நாள் அன்புக்காகச் சமையுங்கள். அதற்கு மேல் சமைத்தால் அது வேலை நேரம். இரவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான். "நாளை நான் சமைக்கிறேன், அதனால் காலையில் மூன்று மணி நேரம் மட்டும் செய்யட்டுமா?" என்று கேட்டால் போதும், அந்த ஊரில் நேராகக் கேட்பதை யாரும் மரியாதைக்குறைவாக நினைப்பதில்லை.

கடப்பிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். திரும்பும் டிக்கெட் போக, தொடாமல் 400 டாலர் தனியாக வையுங்கள். பஸ்ஸுக்கும் ஹாஸ்டலில் மூன்று நான்கு இரவுக்கும் அது போதும். அவசரத்துக்கு 111. விபத்தில் அடிபட்டால் அந்நாட்டின் ஏசிசி என்ற விபத்து இழப்பீட்டுத் திட்டம் வெளிநாட்டுப் பயணிகளின் சிகிச்சைக்கும் உதவும், காய்ச்சல் போன்ற நோய்க்கு உதவாது. அதனால் பினாங்கிலேயே பயணக் காப்புறுதி எடுத்துவிடுங்கள்.

சாதாரணமாகக் கிளம்புவதென்றால் மூன்று நாள் முன்னால் சொல்லி, படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டு, விறகுக்கூடையை நிரப்பிவிட்டு வாருங்கள். பயமாக இருந்து கிளம்புவதென்றால் மூன்று நாளும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். பகலில், பஸ் நேரம் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு நடங்கள். அந்த வீட்டைப் பற்றிய கருத்தை அடுத்த ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எழுதுங்கள்.