நிற்க வைத்தால்தான் கெடும்

எங்கள் பள்ளத்தூர் வீட்டில் இத்தாலிச் சாமான் இரண்டு உண்டு. ஒன்று, ஐயா காலத்தில் முகப்பில் பதித்த பளிங்கு. இன்னொன்று, அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) வாங்கிய லேம்பிரெட்டா ஸ்கூட்டர். பளிங்குக்கு ஈரத்துணி போதும். லேம்பி என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்கும்.

"இவ்வளவு பழைய வண்டியை ஓட்டுறீங்களே, கெட்டுப் போயிடாதா?" என்று வழியில் நிறுத்திக் கேட்பவர்கள் அதிகம். ஓடித் தேய்ந்தது கொஞ்சம்தான். நான் செய்த ரிப்பேரில் முக்கால்வாசி, வண்டி ஓடாமல் நின்ற காலத்தின் பாக்கி.

அதை முழு இத்தாலி என்று சொல்ல முடியாது. ஆர்சி புத்தகத்தில் 1966 என்று இருக்கிறது. மிலானில் இருந்த இன்னொசென்டி கம்பெனியின் உரிமத்தில், பம்பாயில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா செய்து விற்ற எல்ஐ 150, இரண்டாம் சீரிஸ். இத்தாலியில் 1959-ல் வந்து சில வருஷத்தில் போய்விட்ட மாடல், நம் நாட்டில் அதற்கப்புறமும் வெகுகாலம் ஓடியது. 148 சிசி, டூ ஸ்ட்ரோக், நாலு கியர், 6 வோல்ட்.

பெர்டினாண்டோ இன்னொசென்டி அடிப்படையில் எஃகுக் குழாய்க்காரர். சாரம் கட்டும் குழாயும் அதை இணைக்கும் கிளாம்பும் செய்து பெரிய ஆளானவர். அதனாலோ என்னவோ, அவருடைய ஸ்கூட்டருக்கும் முதுகெலும்பு ஒரு தடித்த குழாய்தான். வெஸ்பாவில் தகட்டு உடம்பே சட்டம். அதில் துரு ஏறினால் வண்டியே போச்சு. லேம்பியில் தகடெல்லாம் மேலே மாட்டிய சட்டைதான். இரண்டு பக்க மூடியையும் கழற்றி வைத்தால் கார்புரேட்டர், மேக்னெட், செயின் பெட்டி எல்லாம் கைக்கு எட்டும். வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான வண்டி கிடையாது என்பது என் கட்சி. வெஸ்பாக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

அப்பச்சி சென்னையில் அண்ணன் வீட்டோடு போய் இருந்துவிட்ட பிறகு பள்ளத்தூர் வீடு முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறந்தது. வண்டி வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பழைய ஜமுக்காளத்துக்குள் கிடந்தது. நான் காரைக்குடிக்கே வேலை மாற்றிக்கொண்டு வந்து ஜமுக்காளத்தை உருவியபோது வெளியில் பார்க்க ஒரு குறையும் இல்லை. உள்ளேதான் எல்லாம் நடந்திருந்தது.

டேங்கில் விட்டுப்போன பெட்ரோல் காய்ந்து அடியில் பழுப்புப் பிசினாக ஒட்டியிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்கக் காலியான இடத்தில் ஈரக்காற்று புகுந்து மேல்பாதி முழுக்கத் துரு. துருவைப் பற்றி நம் ஊரில் யோசனை கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953-லிருந்து காரைக்குடியில் இருக்கிறது. உலோக அரிமானம் அவர்கள் ஆராயும் முக்கியமான விஷயங்களில் ஒன்று. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிக் கொடுத்தார்: "சிட்ரிக் ஆசிட் பொடியை வெந்நீர்ல கரைச்சு ஊத்து. துரு போனதும் அப்படியே விட்டுடாத, அது இரும்பையும் திங்கும். சோடா உப்புத் தண்ணியில அலசி, காய வச்ச கையோட ஆயில் கலந்த பெட்ரோலை விட்டுடு. ஈரம் பட்ட வெத்து இரும்பு அரை மணியில சிவந்துடும்." சின்ன நட்டுகளை ஒரு கைப்பிடி உள்ளே போட்டு, டேங்கைக் குலுக்கிக் குலுக்கித் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். ஆனால் உள்ளே டார்ச் அடித்தால் இன்றைக்கும் சாம்பல் நிறத் தகடு தெரிகிறது.

அடுத்தது கார்புரேட்டர். அந்தப் பிசின், வண்டி நின்றபடி ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னக் குழலான பைலட் ஜெட்டின் ஓட்டையை அடைத்திருந்தது. இதை ஊசியால் குத்தக் கூடாது. ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் ஐட்லிங் அப்புறம் நிலைக்கு வராது. மின்வயரை உரித்து, அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து, பெட்ரோலில் ஊறவைத்த ஜெட்டுக்குள் மெதுவாக விட்டு எடுத்தால் போதும். பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் முகத்தில் படிந்திருந்த கறுப்பை பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டு துண்டால் துடைத்து, மேக்னெட்டில் இருக்கும் ஜன்னல் வழியாக, இடைவெளி அளக்கும் பில்லர் கேஜை விட்டு 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். பிளக்கைக் கழற்றி அந்த வழியாகக் கொஞ்சம் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கையால் கிக்கரை அமுக்கி பிஸ்டன் நகர்கிறதா என்று பார்த்த பிறகுதான் உதைத்தது.

கிளட்ச் ஒட்டிப் போயிருந்தது. கியர் போட்டால் கிளட்ச் பிடித்திருந்தாலும் வண்டி குதிக்கும். லேம்பியில் கிளட்ச், செயின், கியர் மூன்றும் ஒரே எண்ணெயில் மூழ்கியிருக்கும். எஸ்ஏஇ 90 என்ற கெட்டியான கியர் ஆயில், முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். நாலு கார்க் பிளேட். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்ததில் கார்க்கும் இரும்பு பிளேட்டும் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டன. இதைப் பிரிக்க ஐந்து ஸ்பிரிங்கையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். கழனிவாசல் பக்கம் ஒரு லேத்தில், வட்டத் தகடு ஒன்றும் நீள போல்ட் ஒன்றும் வைத்துச் செய்து கொடுத்தார்கள். நட்டைத் திருகத் திருக ஸ்பிரிங் இறங்கும். ஓரத்தில் வளையக் கிளிப் மெல்லத் தளரும். அந்த நேரத்தில் முகத்தைக் குனிந்து கிட்டே கொண்டு போகாமல் இருப்பது நல்லது. சின்ன ஸ்குரு டிரைவரால் ஒரு முனையை நெம்பி எடுத்தால் உள்ளிருக்கும் பிளேட்டெல்லாம் வரிசையாகக் கையில் வரும். புதுக் கார்க் பிளேட்டை கியர் ஆயிலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத்தான் மாட்ட வேண்டும். இப்போது ஊருக்குப் போகிற மாதிரி இருந்தால் கிளட்ச் லீவரை இழுத்து ஹேண்டில் பிடியோடு துணியால் கட்டிவிட்டுப் போகிறேன். பிளேட்டுகள் விலகியே இருக்கும், ஒட்டாது.

இந்த வேலையெல்லாம் இரண்டாம் கட்டிலேயே நடந்தது. அங்கே ஆத்தங்குடிக் கல். "ஏப்பா, கல்லுல எண்ணெய் சிந்தினா பூ மாதிரி விழுந்த டிசைனு போயிரும், சொல்லிட்டேன்" என்று ஆத்தா நிலைப்படியில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அட்டை, அதன் மேல் தார்ப்பாய், அதன் மேல் தாம்பாளம் என்று மூன்று அடுக்கு போட்டேன். தாம்பாளத்துக்குத் தனியாக ஒரு வசவு வாங்கினேன், அது வேறு கதை.

வண்டி ஓட ஆரம்பித்து, கோட்டையூர் வழியாகக் காரைக்குடிக்குப் போய் வந்துகொண்டிருந்தபோது புதுத் தொல்லை வந்தது. ஆக்சிலரேட்டரை விட்டாலும் என்ஜின் இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தது. வெளியூர்க் கடை ஒன்றில், கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றைத் தலையில் கட்டினார்கள். அதை மாட்டிய பிறகும் அதே கத்தல். அப்பச்சி காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பாய்க்கு இப்போது கண் பார்வை குறைவு. வண்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தி ஓடவிட்டேன். "தம்பி, இது கார்புரேட்டர் இல்ல. கிராங்க்ல ஏர் புடிக்குது. மேக்னெட் பக்க சீலைப் பாரு" என்றார்.

டூ ஸ்ட்ரோக்கில், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இருக்கும் அறையும் ஒரு பம்ப் வேலை செய்கிறது. பெட்ரோல் கலந்த காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்கு அனுப்புவது அதுதான். அங்கே ரப்பர் சீல் விறைத்து விலகினால் வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும். பெட்ரோல் விகிதம் குறையும். ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால் ஆயிலும் குறையும். என்ஜின் சூடாகி ஒரு நாள் நடு ரோட்டில் பிஸ்டன் ஜாம் ஆகும். சீல் விறைப்பதும் நிற்பதன் வேலைதான். ஓடுகிற வண்டியில் அது எப்போதும் எண்ணெயில் நனைந்திருக்கும்.

பாய் சொன்னாலும் கண்ணால் பார்க்க வேண்டுமே. வீட்டில் ஆத்தாவுக்கு பிபி பார்க்க வாங்கிய பழைய கருவி இருந்தது, ரப்பர் பல்பும் முள் ஓடும் வட்ட மானியும் வைத்தது. கைப்பட்டையைக் கழற்றிவிட்டு அதைத்தான் எடுத்தேன். சைலன்சரைக் கழற்றி, அந்த வாயை சைக்கிள் ட்யூப் துண்டும் தகடும் வைத்து அடைத்தேன். கார்புரேட்டர் இருந்த இடத்தில் இன்னொரு தகடு, நடுவில் வால்வு. மேக்னெட்டையும் அதன் பின்னால் இருக்கும் காயில் தட்டையும் எடுத்தால் சீல் நேராகத் தெரியும். பல்பை அமுக்க அமுக்க முள் 250 வரை ஏறியது. அது பாதரச மில்லிமீட்டர். ஐந்து பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் கீழே. இதற்கு மேல் அழுத்தினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். நல்ல என்ஜினில் முள் அங்கேயே நிற்க வேண்டும். இங்கே நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று இறங்கியது. சோப்புத் தண்ணீரைப் பெயின்ட் பிரஷ்ஷால் சீலைச் சுற்றித் தடவினேன். கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில் மட்டும் குட்டிக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. ஆத்தாவும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சீலின் விலை சொற்பம். வெளியூர்க் கடையில் வாங்கிய கார்புரேட்டர் அலமாரியில் கிடக்கிறது.

செயின் பக்க சீல் போனால் அறிகுறி வேறு. அது காற்றை இழுக்காது, கியர் ஆயிலை இழுக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை அடங்காது, ஆயில் அளவு மட்டும் கசிவே இல்லாமல் குறைந்துகொண்டு வரும். என் வண்டியில் அது இன்னும் நன்றாக இருக்கிறது.

இப்போதைய தலைவலி பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான் பங்கில் கிடைக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், பழைய ரப்பரையும் அரிக்கும். பெட்ரோல் ட்யூபை, எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பருக்கு மாற்றிவிட்டேன். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் எரிபொருள் பற்றாது. மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிய பிறகுதான் பிளக்கின் முகம் வெளிறாமல் காபித்தூள் நிறத்துக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுகிறேன்.

முன்பெல்லாம் பங்கிலேயே டூ டி ஆயில் அடித்துக் கொடுப்பார்கள். இப்போது கேட்டால் அங்கே நிற்கும் பையன்கள் முழிக்கிறார்கள். இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடி ஒன்றை டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன். லிட்டருக்கு நாலு மூடி, கணக்கு சரி.

உதிரி பாகம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும், வெஸ்பா அளவுக்குச் சுலபமாக இல்லை. இன்னொசென்டி ஸ்கூட்டர் செய்வதை நிறுத்தியதும் அந்த இயந்திரங்களை வாங்கி, 1972-ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற அரசுக் கம்பெனி தொடங்கினார்கள். விஜய் சூப்பர் அங்கிருந்து வந்ததுதான். அந்த வழியில் வந்த பாகங்கள் சென்னை புதுப்பேட்டையில் இன்றும் தேடினால் அகப்படும். எல்லாம் இரண்டாம் சீரிஸுக்குப் பொருந்தாது, பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போய் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர் ஒருவர் நல்ல விலை சொன்னார். ஏதோ ஹோட்டல் முகப்பில் பூந்தொட்டிக்கு நடுவே நிறுத்தவாம். ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு நிறுத்துவார்களாம். விலையைக் கேட்டதோடு சரி, மேலே பேசவில்லை. வின்டேஜ் வண்டியாகப் பதியச் சொல்லியும் சிலர் யோசனை சொல்கிறார்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை அப்படிப் பதியலாம்; ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டிக்குப் பழைய நம்பரே இருக்கும், புதிதாகப் பதியும் வண்டிக்குத்தான் நடுவில் விஏ என்று எழுத்து வரும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும்தான் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. எனக்குத் திங்கட்கிழமை காரைக்குடிச் சந்தைக்குப் போக வண்டி வேண்டும். அதனால் சாதாரண ஆர்சியையே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்.

இந்த மாதம் கியர் கேபிள் இரண்டையும் மாற்ற வேண்டும். மூன்றாவது கியர் சில சமயம் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பாயிடம் சொன்னேன், "கேபிளை மாத்துறதுக்கு முன்னாடி அடியில இருக்கிற அட்ஜஸ்டரை ரெண்டு திருகு இறுக்கிப் பாரு" என்றார். முதலில் அதைப் பார்க்கிறேன்.