ஐந்து தரவுத்தளங்களும் ஒரு நெடுவரிசைப் பட்டியலும்

வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு குழுக்கள் கட்டிய ஐந்து பயன்பாடுகளின் தரவை ஓரிடத்தில் சேர்க்கும் பணியில், அவற்றிலுள்ள எல்லா அட்டவணைகளின் அமைப்பையும் ஒரே பட்டியலாகத் தொகுக்கும் பகுதி என்னிடம் வந்தது. நெடுவரிசையின் பெயர், தரவு வகை, நீளம், வெற்று மதிப்பை ஏற்குமா என்பது, ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோலில் இடம் பெறுகிறதா என்பது ஆகிய ஐந்து விவரங்கள் மட்டுமே தேவைப்பட்டன. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூஎல்லைட் என ஐந்து தரவுத்தள மென்பொருள்களும் ஐந்து விதமாக இருந்தாலும், எல்லாம் தரவை வினவும் எஸ்க்யூஎல் என்ற மொழியைப் பேசுபவைதானே, ஒரு வினவலை எழுதி ஐந்து இடத்திலும் ஓட்டிவிட்டால் போதும் என்று எண்ணி இரண்டு நாள் கேட்டேன். இரண்டு வாரம் ஆயிற்று.

அந்த எண்ணம் முழுக்க ஆதாரமற்றது அன்று. 1992 ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலையே இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா என்ற பெயரில், அட்டவணைகளையும் நெடுவரிசைகளையும் விவரிக்கும் காட்சிகளின் (அட்டவணை போலவே வினவத்தக்க, சேமித்து வைத்த வினவல்களின்) தொகுதியை வரையறுத்திருக்கிறது. முதலில் அதை மைஎஸ்க்யூஎல்லில் ஓட்டினேன். விடை உடனே வந்தது. ஆனால் ஒவ்வொரு நெடுவரிசையும் இரண்டு முறை வந்தது. மைஎஸ்க்யூஎல்லில் ஸ்கீமா (அட்டவணைகளை ஒரு பெயரின்கீழ் தொகுக்கும் பிரிவு) என்பதும் தரவுத்தளம் என்பதும் ஒன்றே ஆதலால், ஒரே சர்வரில் உண்மைத் தரவுத்தளத்தோடு சோதனைப் பிரதியும் இருந்தபோது, இரண்டின் விவரமும் ஒரே காட்சியில் கலந்து வந்திருக்கிறது. டேபிள்_ஸ்கீமா என்ற நெடுவரிசைக்கு ஒரு நிபந்தனை சேர்த்ததும் சரியாயிற்று.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில்தான் நான் உண்மையாகவே ஏமாந்தேன். அதே வினவல் பிழையின்றி ஓடியது, விடை ஒழுங்காக இருந்தது, நானும் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்து அந்தப் பயன்பாட்டைப் பராமரிப்பவர் பட்டியலைப் பார்த்து, பதினான்கு அட்டவணைகளைக் காணோமே என்றார். எனக்குக் கொடுத்திருந்தது படிப்பதற்கு மட்டுமான கணக்கு. அதுவும் சில அட்டவணைகளுக்கு மட்டும். இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவின் நெடுவரிசைக் காட்சி, கேட்பவருக்கு உரிமையோ ஏதேனும் ஓர் அனுமதியோ உள்ள நெடுவரிசைகளை மட்டுமே காட்டும். மற்றவை இருக்கின்றன என்பதைக்கூடச் சொல்லாது. பிழைச் செய்தி வந்திருந்தால் அன்றைக்கே விழித்திருப்பேன்.

அனுமதி கேட்டுக் காத்திருப்பதற்குப் பதிலாக, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் சொந்தப் பட்டியல்களான பிஜி_கிளாஸ், பிஜி_அட்ரிப்யூட் ஆகியவற்றுக்கு மாறினேன். தரவைப் படிக்க அனுமதி இல்லாவிட்டாலும் அட்டவணையின் அமைப்பு அங்கே தெரியும். தரநிலைக் காட்சிகளில் இடம்பெறாத, விடையைச் சேமித்து வைக்கும் காட்சிகளும் அங்கே கிடைக்கும். ஆனால் எதையும் வடிகட்டாமல் கேட்டால் தேவையற்றவையும் சேர்ந்து வரும். ஒவ்வோர் அட்டவணையிலும் நான் அறியாத சில நெடுவரிசைகள் எதிர்ம எண்களோடு வந்தன. அவை அமைப்பின் உள் பயன்பாட்டுக்கானவை. எப்போதோ நீக்கப்பட்ட நெடுவரிசைகளும், புள்ளிகள் சூழ்ந்த புதுப் பெயரோடு அங்கேயே இருந்தன. நெடுவரிசை எண் சுழியத்துக்கு மேல் இருக்க வேண்டும், நீக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லை ஆங்கிலப் பெரிய இ என்ற விருப்பத்தோடு திறந்தால், அட்டவணையை விவரிக்கும் குறுங்கட்டளைக்குப் பின்னால் அது அனுப்பும் வினவலையே திரையில் காட்டும். அதைப் பார்த்து எழுதியதே என் வினவல்.

ஆரக்கிளில் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவே கிடையாது. பழக்கத்தில், அட்டவணையை விவரிக்கும் டெஸ்க் என்ற கட்டளையை என் நிரலின் வழியாக அனுப்பி, செல்லாத எஸ்க்யூஎல் என்ற பதிலை வாங்கிக்கொண்டேன். அது எஸ்க்யூஎல் பிளஸ் போன்ற கருவிகள் புரிந்துகொள்ளும் கட்டளையே தவிர, தரவுத்தளம் அறிந்த எஸ்க்யூஎல் வாக்கியம் அன்று என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. பிறகு யூசர்_டேப்_காலம்ஸ் என்ற காட்சியைக் கேட்டேன். ஒரு வரியும் வரவில்லை. அது கேட்பவருக்குச் சொந்தமான அட்டவணைகளை மட்டும் காட்டுவது, என் கணக்குக்கோ சொந்தமாக எதுவும் இல்லை. அணுக்கம் உள்ள எல்லாவற்றையும் காட்டும் ஆல்_டேப்_காலம்ஸுக்கு மாறியும் வெறுமைதான். இம்முறை காரணம் எழுத்து வடிவம்: மேற்கோள் குறியின்றி உருவாக்கிய பெயர்களை ஆரக்கிள் பெரிய எழுத்தில் சேமிக்கிறது, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் சிறிய எழுத்தில் சேமிக்கிறது. நான் பழைய வினவலின் சிறிய எழுத்தையே கொண்டுவந்திருந்தேன்.

நீளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பட்டியல் ஒழுங்காகத் தோன்றிய பிறகும் தவறாக இருந்தது இங்கேதான். ஆரக்கிளின் டேட்டா_லெங்த் பைட்டுகளைச் சொல்கிறது. 50 எழுத்து என்று அறிவித்த நெடுவரிசை, ஓர் எழுத்துக்கு 4 பைட் வரை எடுக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கம் கொண்ட தரவுத்தளத்தில் 200 என்று வரும். எழுத்துக் கணக்கு வேண்டுமானால் கேர்_லெங்த்தைப் பார்க்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரின் சிஸ்.காலம்ஸ் காட்சியில், எழுத்துக்கு இரண்டு பைட் என்று கணக்கிடும் உரை வகையான என்வார்கேர் 50 என்பது 100 ஆகவும், உச்ச அளவு என்று அறிவித்தது -1 ஆகவும் வருகின்றன. அதே சர்வரின் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவோ 50 என்றே சொல்கிறது. தமிழில் தரவு வைப்பவர்களுக்கு இது வெறும் கணக்குப் பிரச்சினை அன்று. யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். 'கொ' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடுகள், 6 பைட். 50 பைட் என்று அறிவித்த நெடுவரிசையில் 16 குறியீடுகளுக்கு மேல் அடங்காது. ஆகவே என் பட்டியலில் நீளத்துக்கு ஒரு நெடுவரிசை போதாதென்று, பைட்டுக்கு ஒன்றும் எழுத்துக்கு ஒன்றுமாக இரண்டு வைத்தேன்.

எஸ்க்யூஎல் சர்வரில் இன்னொரு சறுக்கலும் என்னுடையதே. நெடுவரிசைகளை வகைப் பட்டியலோடு சிஸ்டம்_டைப்_ஐடி வழியாக இணைத்தேன். என்வார்கேர் நெடுவரிசைகள் மட்டும் இரட்டித்தன. சிஸ்நேம் என்ற வகைக்கும் அதே 231 என்ற எண் உண்டு. யூசர்_டைப்_ஐடி வழியாக இணைத்ததும் ஒழிந்தது.

எஸ்க்யூஎல்லைட்டுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. பிராக்மா டேபிள்_இன்ஃபோ என்ற கட்டளை விவரத்தைத் தந்துவிடுகிறது, அட்டவணையை உருவாக்கிய வாக்கியமே எஸ்க்யூஎல்லைட்_மாஸ்டரில் அப்படியே கிடைக்கிறது. ஆனால் இல்லாத அட்டவணையைக் கேட்டாலும் அக்கட்டளை பிழை சொல்லாமல் வெறுமையே தருகிறது. வார்கேர் 10 என்ற அறிவிப்பு அங்கே நீளத்தைக் கட்டுப்படுத்துவதும் இல்லை.

தரவுத்தளத்தின் விவரமும் சாதாரணத் தரவைப் போலவே, அதே மொழியில் வினவத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது உறவுசார் தரவுத்தள மாதிரியை வகுத்த எட்கர் காட் 1985 இல் வெளியிட்ட விதிகளில் நான்காவது. இந்த ஐந்தும் அவ்விதியை ஓரளவேனும் நிறைவேற்றுகின்றன. ஒரே வடிவில் நிறைவேற்ற வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை என்பதை நான்தான் மறந்திருந்தேன்.

முடிவில் ஐந்து தனி வினவல்கள், ஒரே பெயர்களில் விடை. பட்டியலை ஒப்படைக்குமுன், ஒவ்வொரு பயன்பாட்டின் நிரலிலும் வரும் அட்டவணைப் பெயர்களைத் திரட்டி ஒப்பிட்டேன். ஆரக்கிளில் ஒரே ஒரு பெயர் மட்டும் எதிலும் சிக்கவில்லை. நிரல் அதை நாள்தோறும் படித்துக்கொண்டிருந்தது, நெடுவரிசைக் காட்சியிலோ அப்படியொரு பெயரே இல்லை. ஆல்_சினோனிம்ஸில் தேடியபோது, அது வேறொரு ஸ்கீமாவிலிருந்த அட்டவணைக்கு வைத்த மாற்றுப்பெயர் என்று தெரிந்தது. உண்மைப் பெயரில் அதன் ஒன்பது நெடுவரிசைகளும் முதல் நாளிலிருந்தே என் பட்டியலில் இருந்தன.