அப்பாவின் ஹேர் டையும் லாங்கர்ஹான்ஸ் செல்லும்

அப்பாவுக்குக் காதோரமெல்லாம் தடித்து, நீர் கோத்து, ராத்திரி முழுக்க அரிப்பு. ஹேர் டையில் இருக்கும் பிபிடி என்ற சாயப்பொருளின் வேலை. "இத்தனை வருஷமா இதே டைதானேடா!"

அதுதான் விஷயமே: பொருள் மட்டும் போதாது, தோல் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதும் இருக்கிறது. மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் கிளை விரித்து உட்கார்ந்திருக்கின்றன. 1868இல் இவற்றை விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ், அப்போது பெர்லினில் மருத்துவ மாணவர், நரம்பு செல் என்றே நினைத்தார். (பார்க்க அப்படித்தான் இருக்கும், பாவம்.) அந்நியப் பொருளைப் பிடிப்பதில் இவை கில்லாடி. ஆனால் பிடித்ததை டி செல்லிடம் (எதிர்த்துக் கிளம்பும் வெள்ளையணு) சரியாகக் காட்டிக்கொடுக்க, சுற்றியுள்ள செல்கள் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து உசுப்பிவிட வேண்டும். ஐஎல்-1பீட்டா, டிஎன்எஃப் என்ற சைட்டோகைன்கள் இந்த லாங்கர்ஹான்ஸ் செல்களை இடத்தைவிட்டுக் கிளப்பி நிணநீர்க் கணுவுக்கு அனுப்புகின்றன. ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற இன்னொன்று முதிரவைக்கிறது. அடக்கிவைக்கும் சைட்டோகைனான ஐஎல்-10 முந்திக்கொண்டால் கதை தலைகீழ்: அதே செல், அதே பொருள், டி செல் பெரிதாக அசையாது.

இத்தனையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்போ கறுப்பு மருதாணி வாங்கிட்டு வா" என்றார்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் பிபிடி.