ரேகை மரத்தில் துப்பாக்கிக் கட்டை: அழகு எங்கே இருக்கலாம், எங்கே கூடாது

துப்பாக்கிக் கட்டைக்கு, அதாவது குழலையும் இரும்புப் பாகங்களையும் தாங்கும் மரப்பாகத்துக்கு, அறுத்த வால்நட் பலகைமேல் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் ரேகை எழுந்து வரும். ஏமாறுவதும் அங்கேதான். ரேகை தெரிகிறது என்றால் இழை நேராக ஓடவில்லை என்று அர்த்தம். கிளை பிரியும் கவட்டில் இறகு போலவும், மேப்பிளில் புலிவரி போலவும், மரத்தில் புடைத்த முண்டில் சுழி சுழியாகவும் தெரிவதெல்லாம் வளைந்த இழைதான். வளைந்த இழைக்குப் பலம் குறைவு. ஆகவே ரேகை தோளில் பதியும் பின்பாகத்தில் மட்டும் இருக்கட்டும். கைப்பிடிக் கழுத்திலும் குழலுக்குக் கீழேயும் இழை நேராக ஓட வேண்டும்.

கட்டையின் வடிவத்தை ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, பலகைமேல் நகர்த்திப் பாருங்கள். கழுத்தில் இழை, கழுத்தின் வளைவோடு சேர்ந்தே ஓட வேண்டும். குறுக்காக வெட்டி வெளியேறினால், துப்பாக்கி கைதவறி விழும் அன்று அந்தக் கோட்டிலேயே முறியும். பக்கவாட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் மேல்விளிம்பையும் பாருங்கள். பாதிப் பேர் அதைப் பார்ப்பதில்லை. வடிவத்தை இரண்டு மூன்று டிகிரி சாய்த்தாலே பல பலகைகள் பிழைத்துவிடும்.

குறை உள்ள மரம் என்றாலே கழிவு இல்லை. பின்பாகத்தில் இறுக்கமான கணு இருந்தால் பிரச்சினை இல்லை. ஆடும் கணுவைத் தோண்டி, கருப்பு நிறமி கலந்த எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) ஊற்றலாம். மரத்தூள் கலந்து நிறம் சேர்க்கப் பார்த்தால் காய்ந்ததும் அசிங்கமான திட்டாகத்தான் நிற்கும். கருப்பு என்றால் இயற்கைக் கணு போலவே இருக்கும். ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம், உப்புத்தாள் போடும்போது ரப்பராக இழுபடும். மெதுவாக இறுகும் வகையை எடுங்கள். ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பினால் சூடேறிக் குமிழி விடும், எனவே இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். மயிரிழை வெடிப்புக்கு நீர்த்த சூப்பர் குளூ போதும். அதற்கு முன் சுற்றிலும் ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசாவிட்டால் பசை ஊறிய இடம் எண்ணெய் ஏற்காமல் கறையாக நிற்கும்.

கழுத்தில் ஓடும் வெடிப்புக்கு மட்டும் வைத்தியம் தேடாதீர்கள். 3 மி.மீ. மரையிட்ட பித்தளைக் கம்பியைக் குறுக்கே எபாக்ஸியில் இறக்குவது பழைய கட்டையைக் காப்பாற்றும் வழி. புதுக் கட்டையை அப்படித் தொடங்குவது வீண் வேலை. பூஞ்சை பிடித்துக் கருங்கோடு ஓடிய மரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். பதிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மரத்தைக் காயவைக்கும் விஷயத்தில் அவசரம் கூடாது. முனைகளில் மெழுகு பூசி அடுக்குங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். பல வாரம் எடை அசையாமல் நின்ற பிறகே உளியை எடுக்கலாம். கவட்டு மரம் ஒரே சீராகச் சுருங்காது. நேர் மரத்தைவிடக் கூடுதல் காலம் கொடுங்கள்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்து, இரும்புப் பாகங்களைக் கழற்றிய பின், அவை உட்காரும் பள்ளத்தை மரத்தில் எடுக்கத் தொடங்கலாம். வெளிவடிவம் செதுக்குவதற்கு முன்பே, பலகை சதுரமாக இருக்கும்போதே பள்ளத்தை முடித்துவிட வேண்டும். அளவெடுக்க நேர்விளிம்பு அப்போதுதான் கிடைக்கும். ரிசீவரின் (குழல் பொருந்தும் இரும்பு உடல்) அடியில் எண்ணெயில் குழைத்த கரி மையை மெல்லப் பூசி, மரத்தில் அழுத்தி எடுங்கள். மை ஒட்டிய புள்ளிகளை மட்டும் சுரண்டுங்கள். இதை நூறு தடவைக்கு மேல்கூடச் செய்ய வேண்டி வரும்.

சுடும்போது வரும் பின்னுதையைத் தாங்குவது ரீகாயில் லக்கின், அதாவது ரிசீவர் பக்கம் அடியில் நீட்டி நிற்கும் இரும்புப் பல்லின், பின்முகம். இரும்பு அசையாமல் பதிய, பள்ளத்தில் பெட்டிங் எபாக்ஸி போடும்போது அதன் முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடி நான்கிலும் டேப் ஒட்டி இடைவெளி விடுங்கள். பின்முகம் மட்டும் முழுதாகப் பதியட்டும். ரிசீவரின் வால் முனைக்குப் பின்னால் அரை மி.மீ. இடம் விடுங்கள். அங்கே இரும்பு முட்டினால் ஒவ்வொரு உதையும் ஆப்பு அடிப்பது போலத்தான், கழுத்து பிளக்கும். இரும்பில் ஒட்டாப் பூச்சு பூசுவதும், திருகுத் துளைகளைக் களிமண்ணால் அடைப்பதும் மறந்தால், துப்பாக்கியும் கட்டையும் நிரந்தரமாக ஒன்றாகிவிடும். ரேகை மரத்தில் குழலைச் சுற்றி 1.5 மி.மீ. விடலாம். பார்வைக்குச் சற்று அகலம்தான். ஆனாலும் மழைக்காலத்தில் மரம் குழலைத் தொடாது.

வெளிவடிவத்துக்கு இழைப்புளி ஆகாது. புலிவரியில் இழை மாறி மாறி ஏறி இறங்குவதால் துண்டு துண்டாகப் பிய்க்கும். ராஸ்ப் எனும் முரட்டுப்பல் அரம், பிறகு சுரண்டி, பிறகு 220, 320 உப்புத்தாள். ஈரத்துணியால் துடைத்து, எழும் மயிரைக் காய்ந்தபின் தேய்த்து எடுங்கள். எழாமல் போகும்வரை திரும்பச் செய்யுங்கள்.

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோடு 400 தாளில் ஈரமாகத் தேய்த்தால் வரும் சேறே நுண்துளைகளை அடைக்கும். பள்ளத்தின் உட்புறத்தையும், தோளில் பதியும் ரப்பர் பேட் அடியில் மறையும் வெட்டுமுனையையும் பூசாமல் விட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.