தெப்பக்குளத்தைச் சுற்றிய ஏழு மாதங்கள்

கடந்த மார்ச் மாதம் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தது. பள்ளியில் வரலாறு கற்பித்துக்கொண்டே ஏழு ஆண்டுகள் பகுதி நேரமாக உழைத்து, மதுரை வட்டாரத்துக் கண்மாய்கள் எவ்வாறு பராமரிக்கப்பட்டன என்பதை ஆய்வேடாக எழுதியிருந்தேன். அந்த ஏழு ஆண்டுகளும் அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து, வீடு விழிக்கும் முன் ஒன்றரை மணி நேரம் மேசையில் அமர்ந்துவிடுவது என் வழக்கம். தேர்வு முடிந்த மறுநாளும் அதே நேரத்தில் விழிப்பு வந்தது. மேசைக்குப் போய் விளக்கைப் போட்டேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.

முதல் வாரம் அதை ஓய்வு என்று எண்ணினேன். மூன்றாம் வாரத்தில், வாங்கி வைத்திருந்த நூல்களைத் திறக்கவே மனம் வரவில்லை என்பதைக் கவனித்தேன். விடைத்தாள் திருத்துவது, பாடக்குறிப்பு எழுதுவது போன்ற கட்டாய வேலைகள் மட்டும் நடந்தன. ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக எழுதித் தருமாறு என் நெறியாளர் கேட்டபோது, இரண்டு முறை கோப்பைத் திறந்து மூடிவிட்டேன். கோடை விடுமுறை முழுதும் ஓய்வெடுத்தும் மாற்றம் இல்லை. மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொண்டதில் தைராய்டும் இரும்புச்சத்தும் சரியாகவே இருந்தன. ஏழாண்டுக் கனவு நிறைவேறிய பின்னர் ஒருத்தி சோர்ந்திருப்பதை வீட்டில் யாருக்கும் எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நன்றி கெட்ட தன்மை போலத் தோன்றிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது.

பெரிய இலக்கை அடைந்தால் நிலையான மகிழ்ச்சி கிடைக்கும் என்று நம்பி, அடைந்த பின் வெறுமையைச் சந்திக்கும் இந்த நிலைக்கு உளவியலாளர் டால் பென்-ஷஹார் ஒரு பெயரே வைத்திருக்கிறார். அதை 'வந்தடைதல் மயக்கம்' என்று தமிழில் சொல்லலாம். அதைவிட எனக்குத் தெளிவு தந்தது, நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய சோதனை. குரங்குக்குப் பழச்சாறு கொடுக்கும்போது அதன் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் முதலில் சாற்றுக்குத் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு குறிப்பு காட்டப்படும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, அதே அணுக்கள் அந்தக் குறிப்புக்குத் துடித்தன. எதிர்பார்த்தபடியே சாறு வந்தபோது அவற்றில் அசைவில்லை. என் ஏழு ஆண்டுகளையும் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய கடிதம் கையில் கிடைத்த நாள்களும், ஓர் இயல் ஏற்கப்பட்ட நாள்களுமே என்னை ஓட்டிச் சென்ற குறிப்புகள். பட்டம் கிடைத்த நாள் எதிர்பார்த்த சாறு. குரங்கின் மூளையிலிருந்து என் வாழ்க்கைக்குத் தாவுவது என் அனுமானமே என்றாலும், குற்ற உணர்ச்சியிலிருந்து அது என்னை விடுவித்தது.

நான்கரை மணி விழிப்பு மட்டும் போகவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்கேயாவது கொண்டுபோய் வைத்தாக வேண்டும் என்பதுதான், நாற்பத்து மூன்று வயதில், அதுவரை பேருந்துக்காக அன்றி ஓடியே அறியாத நான் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம். அக்கினி நட்சத்திரம் முடிந்து, பள்ளியும் திறந்த பிறகு, ஜூன் 9ஆம் நாள் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தொடங்கினேன்.

திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய அந்தக் குளம் ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி அளவுடையது. அதன் வெளிப்புறச் சாலையை ஒருமுறை சுற்றினால் 1.3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது என்று என் கடிகாரம் காட்டியது. மாலையில் தின்பண்டக் கடைகளும் குடும்பங்களுமாக நிறைந்திருக்கும் அந்தச் சாலை, விடிவதற்கு முன் நடைப்பயிற்சிக்கு வருவோருக்கே உரியது. தொடங்குபவருக்கு அதில் ஒரு நன்மை உண்டு: மைய மண்டபம் எப்போதும் கண்ணில் இருப்பதால், எவ்வளவு ஓடினாலும் தொலைவுக்குச் சென்றுவிட்டோம் என்ற கலக்கம் வருவதில்லை. களைத்தால் எந்த இடத்திலும் கைப்பிடிச் சுவரோரம் நின்றுகொள்ளலாம்.

முதல் ஐந்து வாரங்கள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்ற கணக்கில் இருபது நிமிடங்கள் சென்றேன். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலவே பரப்பிய முறை இது. மூச்சு முட்டிய பிறகு நடப்பதற்கும், முட்டும் முன்பே திட்டமிட்டு நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உடல் உடனே அறிந்துகொள்கிறது. முன்னதில் தோல்வி உணர்வு வருகிறது, பின்னதில் வருவதில்லை. இருபது நிமிடங்களில் ஒன்றரைச் சுற்று முடியும். அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

பெண்கள் தொடங்கும்போது கேட்கக்கூடிய கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதிவிடுகிறேன். தளர்வான சுடிதாரின் கால்பகுதி முழங்காலில் சிக்கியதால், இரண்டாம் நாளே கணுக்கால் வரை ஒட்டிய கால்சட்டைக்கும் நீளமான பருத்திச் சட்டைக்கும் மாறினேன். ஷூ வாங்கும்போது பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. தெருநாய் துரத்தும்போது ஓடாமல் நின்று, முதுகைக் காட்டாமல் மெல்ல நடந்து விலக வேண்டும். இருட்டில் தனியாக ஓடுவதைத் தவிர்க்க, நடையாளர்கள் கூடும் ஐந்தேகால் மணிக்கு முன் நான் செல்வதில்லை.

அங்கே நாள்தோறும் நடக்கும் ஒரு மூதாட்டி, இரண்டாம் வாரத்தில் என்னை நிறுத்தி, "எதுக்கு தாயி இப்பிடி மூச்சு வாங்குது? மெதுவாப் போ. குளம் எங்கயும் போயிராது" என்றார். ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிய வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் அளவுகோல். அவர் அதையே தம் சொற்களில் சொன்னார். அன்றிலிருந்து எதிரே வரும்போதெல்லாம் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிக் கடப்பதையே என் வேகத்துக்குச் சோதனையாக வைத்துக்கொண்டேன்.

ஜூலை இறுதியில் பன்னிரண்டு நிமிடங்கள் நிற்காமல் ஓட முடிந்தது. அந்த மகிழ்ச்சியில்தான் பெரும் பிழை செய்தேன். ஏழாண்டுப் பழக்கம் எளிதில் விடுவதில்லை: நூறாம் நாளுக்குள் பத்துக் கிலோமீட்டரை எழுபது நிமிடங்களில் ஓடி முடிப்பது என்று ஓர் இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டினேன். வாரத்துக்கு 17 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை மூன்றே வாரங்களில் 31 கிலோமீட்டர் ஆக்கினேன். மூதாட்டியைப் பேசாமல் கடக்கத் தொடங்கினேன். ஆகஸ்ட் 30ஆம் நாள், என் கணக்கில் 83ஆம் நாள், வலது கணைக்கால் எலும்பின் உட்புற விளிம்பில் ஏற்கெனவே இருந்த வலி, படியிறங்க முடியாத அளவுக்கு முற்றியது.

இயன்முறை மருத்துவர் விரலால் எலும்பு நெடுக அழுத்திப் பார்த்தார். வலி ஒரே புள்ளியில் குவிந்திருந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும் என்றும், எனக்குப் பல விரற்கடை நீளத்துக்குப் பரவியிருப்பதால் தசைகளும் எலும்பின் மேலுறையும் மிகைப்பளுவால் நொந்திருப்பதாகவே தெரிகிறது என்றும் விளக்கினார். ஓட்டத்துக்கு விடுப்பு, வலிக்காத அளவுக்கு நடை, நின்றபடி குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சி நாளுக்கு மூன்று தடவை, தடவைக்குப் பதினைந்து முறை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன, எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் தேவை என்று அவர் சொன்னதைப் புதிதாக ஓடுவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மூச்சு எளிதாகிவிட்டதே என்று நம்பித்தான் நான் பளுவைக் கூட்டியிருந்தேன்.

செப்டம்பர் 16ஆம் நாள் என் நூறாம் நாள். பத்துக் கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டிய அன்று, குளத்தை ஒரே ஒரு முறை நடந்து சுற்றினேன். பெரும் ஏமாற்றத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன், ஆனால் அப்படி எதுவும் நேரவில்லை. மூதாட்டியோடு பேசிக்கொண்டே நடந்தேன், கிழக்கு வெளுத்தது, வீட்டுக்கு வந்தேன். அன்று அந்தப் பத்துக் கிலோமீட்டரை ஓடி முடித்திருந்தால் மார்ச் மாதத்து மறுநாளை மீண்டும் ஒருமுறை சந்தித்திருப்பேன் என்று அப்போது தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்த தாளை எடுத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள்களில் மனத்தில் திரும்பத் திரும்ப வந்தது என் ஆய்வேட்டின் பொருளே. குடிமராமத்து என்பது கண்மாயை ஊரார் கூடிப் பராமரித்த வழக்கம். கோடையில் நீர் வற்றியதும் வரத்துக்கால்வாயைத் தூர்வாருவார்கள், மடையையும், மிகைநீர் வழிந்தோடும் கலிங்கையும் சரிபார்ப்பார்கள், வண்டலை வயலுக்கு அள்ளுவார்கள், கரையை உயர்த்துவார்கள். மழை வந்ததும் வெள்ளம் புதிய வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். அடுத்த கோடையில் அதே வேலை. 1858ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றிச் சென்னை மாகாண அரசு இந்த வழக்கத்துக்குச் சட்ட வலுக் கொடுக்க முயன்றதையும், வழக்கம் தளர்ந்த ஊர்களில் கண்மாய் மேடானதையும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். தூர்வாரி முடித்துவிட்டோம் என்று எந்த ஊரும் மண்வெட்டியைப் பரணில் போட்டதில்லை என்பது என் வாழ்வுக்கும் உரியது என்று எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. நான் கண்மாயைக் கட்டி முடித்தவளைப் போல இருந்திருக்கிறேன். எனக்குத் தேவைப்பட்டது ஆண்டுதோறும் திரும்ப வரும் வண்டல்.

நாள்தவறாத ஓட்டத்தின் வரலாற்றில் புகழ்பெற்ற ஒருவர் இங்கிலாந்தின் ரான் ஹில். 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகளும் 39 நாள்களும், நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு மைல் ஓடியவர். அவர் துணி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று அறிந்தபோது நெருக்கமாக உணர்ந்தேன். 1970இல் பாஸ்டன் மாரத்தானையும் அதே ஆண்டு காமன்வெல்த் போட்டியின் மாரத்தானையும் வென்றார். அந்த வெற்றிகளுக்குப் பின்னும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு நாள்தோறும் ஓடினார். அவரை மதிக்கிறேன், ஆனால் காயத்தோடும் ஊன்றுகோலோடும் தொடரை விடாமல் காத்த அவருடைய உறுதியை நான் பின்பற்றப் போவதில்லை. எண்ணிக்கையைக் காப்பதே வேலையாகிவிட்டால், அதுவும் சுவரில் ஒட்டிய தாள்தான்.

எனவே செப்டம்பர் இறுதியில் விதிகளை மாற்றினேன். தொலைவைப் பார்ப்பதில்லை, நேரம் மட்டுமே. குறைந்தது இருபது நிமிடங்கள், கூடியது நாற்பது. உடல் வேண்டாம் என்றால் அந்த இருபது நிமிடங்களும் நடை, அதுவும் கணக்கில் சேரும். பயிற்சியாளர் ஃபிலிப் மாஃபெட்டோனின் எளிய கணக்குப்படி 180இலிருந்து வயதைக் கழித்தால் வரும் 137 என்ற இதயத்துடிப்பைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். நாள்களை எண்ணுவதையும் விட்டேன். குறிப்பேட்டில் தேதிக்கு எதிரே ஒரே ஒரு வரி: "மண்டபத்தைச் சுற்றி மூடுபனி", "இடது குதிகால் இறுக்கம், கடைசி ஐந்து நிமிடம் நடை", "மழை, மொட்டை மாடியில் நடை". அக்டோபர், நவம்பர் மழையில் சாலை வழுக்கிய நாள்களில் மாடியிலேயே முடித்தேன்.

ஊக்கம் திரும்பியது ஒரு நாளில் நிகழவில்லை. எனக்கே அது தாமதமாகத்தான் தெரிந்தது. அக்டோபர் நடுவில் ஒருநாள் ஓடிவிட்டு வந்து, வியர்வை அடங்கட்டும் என்று மேசையருகே மின்விசிறியின் கீழ் அமர்ந்தேன். மோர் குடித்து முடிப்பதற்குள், நெறியாளர் கேட்ட கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதியிருந்தேன். மறுநாளும் அதே நாற்காலி, அதே இருபது நிமிடங்கள், அதற்கு மேல் மனம் விரும்பினாலும் எழுந்துவிடுவது. ஓட்டத்தில் கற்ற விதியை எழுத்துக்கும் வைத்ததில், இன்று எழுத வேண்டியது நேற்றே மிச்சமிருந்தது. பளு இல்லாததால் தொடங்கும் தயக்கமும் இல்லை. டிசம்பர் இறுதியில், கண்மாய் நீரை வயல்களுக்குப் பகிர்ந்துவிடும் நீர்பாய்ச்சி என்ற ஊர்ப்பணியைப் பற்றிய கட்டுரை பதினான்கு பக்கங்கள் ஆகியிருந்தது. எப்போது முடியும் என்று நெறியாளர் கேட்டதற்கு, முதன்முறையாகப் பதற்றமில்லாமல், தெரியவில்லை ஐயா என்று சொன்னேன்.

தீராதவையும் உண்டு. மாதவிலக்கின் முதல் இரண்டு நாள்களில் நடை மட்டுமே முடிகிறது. கணைக்கால், தொடர்ந்து நான்கு நாள் ஓடினால் ஐந்தாம் நாள் மெல்ல நினைவூட்டுகிறது. அதனால் ஞாயிறும் புதனும் முழுக்க நடை. ஐந்தாம் மாதத்தில் சில வாரங்கள் பழைய வெறுமை எட்டிப் பார்த்தது. அந்த நாள்களில் ஓடியும் மகிழ்ச்சி வரவில்லை, ஓடினேன் என்பது மட்டும் இருந்தது. அது போதுமா என்று அன்று கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். இப்போது அந்த வாரங்களின் குறிப்புகளைப் படிக்கும்போது, "காற்று இல்லை", "பறவைகள் அதிகம்", "ஷூவின் அடி தேய்ந்துவிட்டது" என்று வரிகள் மட்டும் ஒழுங்காக நிற்கின்றன.

மார்கழிக் குளிரில் ஐந்தேகால் மணிக்குக் குளத்தங்கரை இருட்டாகவே இருக்கிறது. மாரியம்மன் கோயில் பக்கம் விளக்கொளி விழும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். தைப்பூசத்தை ஒட்டி மீனாட்சியும் சொக்கநாதரும் தெப்பமேற இங்கே எழுந்தருளும்போது சாலை முழுதும் மக்களாக இருக்கும், ஓட இடமிருக்காது. அந்த நாளில் எங்கே ஓடுவாய் என்று மூதாட்டி கேட்டார். ஓடப் போவதில்லை, உங்களோடு வந்து தெப்பம் பார்க்கப் போகிறேன், அதற்கு நடந்தே வருவேன் என்றேன்.