மூன்று மில்லி

"அதே மருந்துதானே தம்பி, வீட்டிலேயே பாதி பாட்டில் இருந்ததே. புதிதாக எதற்கு?"

மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கேட்டார். இடுப்பில் பேரன், காய்ச்சலில் துவண்டு கிடந்தான்.

பையிலிருந்து அதை எடுத்தும் காட்டினார். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பாட்டில், கூடவே சொட்டுக்குழல்.

கடைக்காரர் பழைய பில் ஒன்றின் முதுகில் கணக்குப் போட்டார். பையன் 10 கிலோ. கிலோவுக்கு 15 வீதம் 150 மில்லிகிராம் பாராசிட்டமால். டாக்டர் எழுதிய சிரப்பில் 5 மில்லிக்கு 250, அதற்கு 3 மில்லி சரி. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. அதில் 3 மில்லி ஊற்றினால் 300. இரண்டு மடங்கு!

டாக்டர்களின் கையெழுத்தைக் கிண்டல் செய்தே பழகிவிட்டோம். மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி 2016-லேயே விதி வந்துவிட்டது. இந்தச் சீட்டும் அச்சடித்ததுபோல்தான் இருந்தது. படிப்பதில் சிக்கலே இல்லை. எந்தப் பாட்டிலின் 3 மில்லி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிரப்போடு வந்த மூடியில் 2.5 உண்டு, 5 உண்டு, 3 இல்லை. கடைக்காரர் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, 3-இன் மேல் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். ஒரே பெயரில் இரண்டு சிரப். ஒன்றில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், மற்றதில் 250. கைபேசி விளக்கைப் போட்டுத்தான் படிக்க முடிந்தது.