பாலினத் தணிக்கைப் பயிற்சி: வகுப்பு எளிது, கணக்கு வாங்குவதுதான் பாடு

பாலினத் தணிக்கை, அதாவது ஒரு நிறுவனம் ஆண்களையும் பெண்களையும் சமமாக நடத்துகிறதா என்று ஆராயும் பயிற்சிக்கான சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்காக அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. அடுத்து இந்தப் பயிற்சியில் சேர்பவர்களாவது முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

சிறுதொழில்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தலைமை அலுவலகம் அண்ணா சாலைப் பக்கம். கிளைகள் திருவொற்றியூரிலிருந்து தாம்பரம் வரை. பயிற்சி வகுப்புகள் நன்றாகவே நடந்தன. சிக்கல் இறுதிப் பணியில்தான். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2001-இல் தன் சொந்த அலுவலகங்களில் தொடங்கிய பங்கேற்புப் பாலினத் தணிக்கை முறைப்படி, அவரவர் நிறுவனத்தை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும். ஆவணங்களைப் படிப்பது, ஊழியர்களைத் தனியாகவும் குழுவாகவும் சந்திப்பது என்று போகும் வேலை அது.

கடன் வாங்கியவர்களின் விவரத்தை ஆண், பெண் என்று பிரித்துக் கேட்டேன். கணக்குப் பிரிவில் இருந்தவர், “நாங்கள் ஆண் பெண் வித்தியாசமே பார்ப்பதில்லை மேடம். அதனால் பிரித்தும் வைக்கவில்லை” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று கட்டம் இருக்கிறது. கணினியில் ஏற்றும்போது அதை விட்டுவிட்டிருக்கிறார்கள். பிரித்துப் பார்க்காமல், யாருக்குக் கடன் கிடைக்கிறது, யாரைத் திருப்பி அனுப்புகிறோம் என்று எப்படித் தெரியும்?

வேறு வழியில்லாமல் மூலப் படிவங்களைத் தேடி ஒரு வடசென்னைக் கிளைக்குப் போனேன். முந்தின நாளே தொலைபேசியில் பேசி, வரச் சொன்ன பிறகுதான் கிளம்பினேன். அங்கிருந்த எழுத்தர் என் அனுமதிக் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, “ஒத்துழைப்பு தரவும் என்றுதானே போட்டிருக்கிறது, கோப்புகளைக் காட்டவும் என்று இல்லையே அம்மா” என்று திருப்பிக் கொடுத்தார். மேலாளர் விடுப்பில் இருந்தார். வெயிலில் வந்த வழியே திரும்பினேன். அனுமதிக் கடிதத்தில் எந்த ஆண்டுக் கோப்புகள், எந்தப் பதிவேடுகள், நகல் எடுக்கலாமா என்பதையெல்லாம் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். பொதுவான வாசகத்தை நம்பிப் போகாதீர்கள்.

புதுக் கடிதத்தோடு போனபோது கட்டுகளை எடுத்துப் போட்டார்கள். ‘க/பெ’ என்று இருந்தால் சந்தேகமில்லை, பெண். ‘த/பெ’ என்றிருந்து பெயர் மணி என்றால் புகைப்படத்தைத்தான் பார்க்க வேண்டும். படம் உதிர்ந்துபோன படிவங்களைத் தனியாக எடுத்து வைத்தேன். அப்படி ஒவ்வொன்றாகப் புரட்டும்போதுதான் அது கண்ணில் பட்டது. பெண்களின் படிவங்களில் ஓரத்தில் பென்சிலால் ‘கணவர் கை.’ என்று எழுதி ஒரு டிக் போட்டிருந்தது. ஆண்களின் படிவங்களில் மனைவியின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. எங்கள் கடன் விதிகளை வரி வரியாகப் படித்துவிட்டேன், அப்படி ஒரு விதியே கிடையாது. “எப்போதும் இப்படித்தான்” என்பதுதான் கிடைத்த பதில். தையல் கடைக்குக் கடன் கேட்ட ஒரு பெண், கணவரை இழந்தவர், ஊரிலிருந்து தம்பியை வரவழைத்துக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார். சொந்தமாகத் தொழில் நடத்துகிறவருக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்! கணினிப் பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

வேலை செய்யும் இடத்தில் நடக்கும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவை அமைத்த ஆணையையும் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். உறுப்பினர்களின் காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் இருந்தாக வேண்டும். எங்கள் அறிவிப்புப் பலகையில் தலைவர் என்று இருந்தவர் ஓய்வுபெற்றுப் போய் வெகுநாளாகியிருந்தது. அந்த ஒரு தாளுக்காகப் பணியாளர் பிரிவு என்னைப் பல வாரம் இழுத்தடித்தது.

நேர்காணல்களைக் கண்ணாடி அறையில் வைக்காதீர்கள். மேலாளர் கண்ணில் படும் இடத்தில் பெண் ஊழியர்கள் “ஒரு குறையும் இல்லை” என்றார்கள். மாடியில் சாப்பாட்டு அறைக்கு மாற்றினேன். பதவி உயர்வு முதல் கழிப்பறை வரை பேசினார்கள். நேர்காணல் எடுக்கும் குழுவில் ஓர் ஆணும் இருக்கட்டும். ஆண் ஊழியர்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசினார்கள்.

அறிக்கையைப் படித்த பொது மேலாளர் மறுப்புச் சொல்லவில்லை. விதியில் இல்லாத கணவர் கையெழுத்தைக் கேட்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. பால் என்ற கட்டத்தை நிரப்பாமல் இனி கணினியில் பதிவு ஏறாது. மூன்றாம் பாலினத்தவரை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014-இல்; எங்கள் படிவத்தில் அவர்களுக்கு இப்போதுதான் இடம் வந்திருக்கிறது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் சான்றிதழ் வாங்கியபோதுகூட வரவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுற்றறிக்கை போன பிறகும் ஒரு கிளையில் பழைய படிவக் கட்டு தீரும்வரை அதையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய படிவங்களை எந்தத் தேதிக்குள் திரும்பப் பெற வேண்டும், யார் பொறுப்பு என்பதை அறிக்கையின் பரிந்துரையிலேயே எழுதிவிடுங்கள்.